தாமரை நீலமா, நாம் ஆக்கிய நீலமா? நீர்த்தாவரப் படங்களில் இயற்கை எது, கணினி வேலை எது?

2020 நவம்பரில் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டத்திலிருந்து வந்த சில படங்கள் நாடு முழுக்கப் பரவின. பேராம்பிரா அருகே உள்ள ஆவளப்பாண்டியில் ஒரு நீரோடை, தண்ணீரே தெரியாத அளவுக்கு இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு ரோஸ் நிறக் கம்பளம். பார்த்ததும் யாருக்கும் முதலில் தோன்றுவது, 'இது எடிட்டிங்தானே?' என்பதுதான்.

ஆனால் அது எடிட்டிங் இல்லை. ஊர்க்காரர்கள் 'முள்ளன் பாயல்' என்று சொல்லும் நீர்ச்செடி ஒரே நேரத்தில் பூத்ததால் வந்த நிறம். தாவரவியல் பெயர் கபொம்பா ஃபர்கேட்டா.

இதற்கு நேர்மாறான ஒரு படமும் உண்டு. 2003 வாக்கில் மின்னஞ்சல்களில் சுற்ற ஆரம்பித்தது. ஒரு பெண்ணின் மார்பில் துளைத் துளையாகப் புழுக்கள் குடியேறியிருப்பதாகச் சொல்லி மக்களைப் பதறவைத்தது. உண்மையில் அது தாமரையின் விதைக்காயை எடுத்து, மனிதத் தோலின் படத்தின் மேல் ஒட்டிச் செய்த போலி. பல ஆண்டுகள் ஆகியும் அது புதிய கதைகளோடு திரும்பத் திரும்ப வந்தது.

பொய்போலத் தெரிந்தது நிஜம். நிஜம்போலத் தெரிந்தது பொய். இரண்டுமே நீர்த்தாவரப் படங்கள். வால்பேப்பராக வைக்கும் தாமரை இலையில் தொடங்கி, அலுவலகச் சுவரில் தொங்கும் அல்லிக்குளம், உங்கள் ஊர் ஏரியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் படம் வரை, எது கேமராவில் பதிந்தது, எது கணினியில் செய்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? படிப்படியாகப் பார்ப்போம்.

அப்ஸ்ட்ராக்ட் படம் என்றால் என்ன?

ஒரு பொருளை 'இது இன்னது' என்று காட்டாமல், அதன் வடிவம், கோடு, நிறம், ஒளி ஆகியவற்றை மட்டும் எடுத்துக் காட்டும் படம் என்று எளிமையாகச் சொல்லலாம். தாமரை இலையின் நரம்புகளை மட்டும் நெருங்கி எடுத்தால் அது ஆற்றுப் படுகையின் வரைபடம்போலத் தெரியும். காற்றில் கலங்கும் தண்ணீரில் நாணல் தண்டுகளின் நிழல், கிறுக்கெழுத்துபோலத் தெரியும்.

நீர்த்தாவரங்கள் இதற்குத் தோதானவை. ஒரே படத்தில் செடி, தண்ணீர், பிரதிபலிப்பு, அடியில் மூழ்கியிருப்பது என நான்கு அடுக்குகள் கிடைக்கின்றன. எது மேல், எது கீழ் என்று கண்ணே தடுமாறும். அதனால்தான் எடிட் செய்யாத படமும் எடிட் செய்ததுபோலத் தெரிகிறது.

இது இன்ஸ்டாகிராம் காலத்துச் சமாச்சாரமும் இல்லை. புகைப்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் புத்தகமாகப் பரவலாகக் கருதப்படுவதே நீர்த்தாவரங்களைப் பற்றியதுதான். இங்கிலாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ், 1843-ல் பாசிகளின் உருவங்களை 'சயனோடைப்' முறையில் பதிவுசெய்து வெளியிடத் தொடங்கினார். இரும்பு உப்புக் கலவை பூசிய தாளில் பாசியை வைத்து, வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவுவார். செடி இருந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடம் அடர்நீலமாகவும் மாறும். கேமராவே கிடையாது.

இப்போது ஒரு கேள்வி. அந்த நீலம் கடலின் நீலமா? இல்லை. அது பிரஷ்யன் நீலம் என்ற வேதிப்பொருளின் நிறம். வடிவம் நூறு சதவீதம் உண்மை, நிறம் முழுக்கச் செயற்கை. அதாவது 'இயற்கையா, மாற்றப்பட்டதா?' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாத நிலை, முதல் புத்தகத்திலேயே வந்துவிட்டது.

1928-ல் 'கலையின் மூலவடிவங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் போட்ட ஜெர்மானியர் கார்ல் புளோஸ்ஃபெல்ட், தாவரப் பகுதிகளை 30 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டினார். படம் எடுக்கும் முன்பே செடியை வேண்டியபடி நறுக்கி ஒழுங்குபடுத்துவது அவர் வழக்கம். படத்தில் கை வைப்பது ஒரு வகை என்றால், செடியிலேயே கை வைப்பது இன்னொரு வகை.

கேமராவில் பதிந்தது எல்லாம் அசலா?

'நான் எதையும் எடிட் பண்ணல, கேமராவுல எடுத்தது அப்படியே' என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த 'அப்படியே' கொஞ்சம் சிக்கலானது.

பெரும்பாலான டிஜிட்டல் கேமராக்களின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. 1976-ல் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயருக்குக் காப்புரிமை கிடைத்த அமைப்பு இது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களை, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமராவே கணக்குப் போட்டு நிரப்புகிறது. அதாவது படத்தில் உள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு, அளந்தது இல்லை, கணித்தது.

பிறகு வெள்ளைச் சமநிலை, கான்ட்ராஸ்ட், கூர்மை எல்லாவற்றையும் கேமரா தன் இஷ்டப்படி முடிவுசெய்து ஜேபெக் கோப்பாகத் தருகிறது. 14-பிட் ரா கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 படிநிலைகள் இருக்கும். ஜேபெக்கில் 256 மட்டுமே. மிச்சத்தை கேமரா தூக்கிப் போட்டுவிடுகிறது.

ஃபோனில் கதை இன்னும் பெரியது. நீங்கள் ஒருமுறை அழுத்தினாலும் ஃபோன் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வெளிச்சத்தைக் குறைத்துத் தருகிறது. காற்றில் ஆடும் அல்லியை எடுக்கும்போது இதழ் ஓரத்தில் பேய்போல ஒரு மங்கல் உருவம் தெரிந்தால், அது நீங்கள் செய்த எடிட் இல்லை. ஃபோனின் தையல் வேலை.

ஆகவே 'தொட்டதா, தொடாததா?' என்று கேட்பதைவிட, 'எந்த அளவுக்குத் தொட்டது?' என்று கேட்பதே சரி.

நான்கு படிகள்

ஒரே தாமரை இலைப் படத்தை வைத்து இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் படி, எடுக்கும்போதே செய்வது. கோணம், நெருக்கம், ஒளி, ஷட்டர் வேகம், ஃபில்டர் எல்லாம் இதில் அடங்கும். இலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் விதம் மட்டுமே மாறுகிறது.

இரண்டாம் படி, கழுவி எடுப்பது. வெளிச்சம், கான்ட்ராஸ்ட், வெட்டுதல், சென்சார் தூசியை நீக்குதல், கறுப்பு வெள்ளையாக்குதல் ஆகியவை. பழைய டார்க் ரூமில் செய்த வேலைகளின் டிஜிட்டல் வடிவம்.

மூன்றாம் படி, மாற்றுவது. பச்சை இலையை ஊதாவாக்குவது, பாதிப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பி ஒட்டுவது, சுழல் விளைவு கொடுப்பது, இல்லாத தும்பியை உட்காரவைப்பது, இருந்த பிளாஸ்டிக் பாட்டிலை அழிப்பது.

நான்காம் படி, உருவாக்குவது. கேமராவே இல்லாமல், சொற்களை மட்டும் கொடுத்து ஏஐ கருவியில் ஒரு 'தாமரைக் குளத்தை' வரவழைப்பது. அப்படி ஒரு குளம் எந்த ஊரிலும் இல்லை.

முதல் இரண்டையும் பொதுவாக 'இயற்கை' என்ற தலைப்பில் சேர்க்கிறார்கள். மூன்றாவது டிஜிட்டல் மாற்றம். நான்காவது புகைப்படமே இல்லை. சண்டை நடப்பது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே உள்ள எல்லையில்தான். நிறச் செறிவை ஐந்து புள்ளி கூட்டினால் இரண்டாம் படி. நூறு புள்ளி கூட்டினால்? ஒரே ஸ்லைடர்தான். எந்த இடத்தில் படி மாறுகிறது என்று மென்பொருள் சொல்லாது.

போலி என்று நாம் தப்பாக நினைக்கும் அசல்கள்

கறுப்புப் பின்னணியில் மிதக்கும் அல்லி. ஸ்டுடியோவில் எடுத்ததுபோல, அல்லது பின்னணியை வெட்டி எறிந்ததுபோலத் தெரியும். பெரும்பாலும் இதற்கு எடிட்டிங்கே தேவையில்லை. பூவின் மேல் வெயில், பின்னால் மரநிழல் விழுந்த தண்ணீர். பூவுக்குச் சரியாக வெளிச்சத்தை அளந்தால் தண்ணீர் தானாகக் கறுத்துவிடும்.

கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர். 'போலரைசர்' என்ற ஃபில்டரின் வேலை. நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி கோணத்தில் பார்த்தபடி இதைத் திருப்பினால், மேற்பரப்பின் வானப் பிரதிபலிப்பு ஏறக்குறைய முழுமையாக மறைந்து, அடியில் இருக்கும் தண்டுகளும் வேர்களும் தெரியும். இலை மேல் இருக்கும் பளபளப்பும் போய்விடுவதால் பச்சை கூடுதல் அடர்த்தியாகத் தெரியும். நிறச் செறிவைக் கூட்டிவிட்டார்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

தூரிகையால் இழுத்ததுபோன்ற கோடுகள். ஷட்டரை அரை நொடி திறந்து வைத்து, கேமராவையே மேலும் கீழும் அசைத்தால் நாணல் தண்டுகள் வாட்டர்கலர் ஓவியம்போல் இழுபடும். இதற்கென்றே ரசிகர்கள் உண்டு.

வெள்ளை இலை, கறுத்த தண்ணீர். அகச்சிவப்புப் படம். பச்சை இலைகள் நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியை மிக அதிகமாகப் பிரதிபலிக்கும். தண்ணீர் அதை உறிஞ்சிவிடும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-லேயே இத்தகைய படங்களை வெளியிட்டதால் இதற்கு 'வுட் விளைவு' என்று பெயர். எடிட்டிங் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்த காட்சியும் இல்லை.

விவரமே இல்லாமல் 'வெந்துபோன' ரோஸ் இதழ்கள். இதைப் பார்த்ததும் 'கலர் ஏத்திட்டாங்க' என்று சொல்லிவிடாதீர்கள். அடர் இளஞ்சிவப்புப் பூவை வெயிலில் எடுத்தால் சென்சாரின் சிவப்புப் பகுதி முதலில் நிரம்பி, உச்ச எண்ணான 255-ல் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் வேறுபாடு பதியாது. இதழின் நரம்பு காணாமல் போவதற்கு இதுவே போதும்.

செடியிடமே கேளுங்கள்: தாவரவியல் சோதனை

படம் நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்க, மென்பொருளுக்கு முன்பு தாவரவியல் உதவும்.

- நீலத் தாமரை: நெலும்போ இனத்தில், அதாவது உண்மையான தாமரையில், இயற்கையாகக் காணப்படும் நிறங்கள் வெள்ளை, இளஞ்சிவப்பு, அமெரிக்க இனத்தில் மஞ்சள். நீலம் கிடையாது. 'நீலத் தாமரை' என்று நாம் சொல்வதெல்லாம் அல்லிக் குடும்பத்து மலர்கள். இலங்கையின் தேசிய மலரும் அந்த வகைதான். ஆகவே நடுவில் தட்டையான விதைக்காயோடு, தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நீலப் பூவைப் பார்த்தால் நிறம் மாற்றப்பட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

- இலை வெட்டு: தாமரை இலை முழு வட்டம். தண்டு நடுவில் சேரும். அல்லி இலையில் ஓரத்திலிருந்து தண்டு வரை ஒரு பிளவு இருக்கும். தாமரைப் பூவுக்குக் கீழே பிளவுள்ள இலைகள் மட்டுமே மிதந்தால், ஒட்டு வேலையோ ஏஐ வேலையோ நடந்திருக்க வாய்ப்புண்டு. ஏஐ கருவிகள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்புகின்றன.

- நீர்த்துளி: தாமரை இலையின் மேல் தண்ணீர் பரவாது, முத்துபோல உருண்டு நிற்கும். இலைப்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகும்தான் காரணம். ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997-ல் விளக்கிய 'தாமரை விளைவு' இது. தட்டையாகப் பரவி ஒட்டிய ஈரம், புத்தம்புது தாமரை இலையில் இயல்பு அல்ல.

- ஒரே பூ, இரண்டு நிறம்: இதைப் பார்த்துப் பொய் என்று சொல்லிவிடக் கூடாது. ஹவுரா தாவரவியல் பூங்காவில் பலரும் பார்த்திருக்கும் ராட்சத அல்லியான விக்டோரியா அமேசானிகா, முதல் இரவு வெள்ளையாகப் பூத்து, மறு இரவு இளஞ்சிவப்பாகிவிடும்.

- சிவப்புக் குளம்: அசோலா என்ற மிதக்கும் பெரணி, கடும் வெயிலிலோ குளிரிலோ செம்பழுப்பாக மாறும். அதுவும் இயற்கைதான்.

- நேரம்: கோட்டயம் அருகே மலரிக்கல் வயல்களில் மழைக்காலத்துக்குப் பின் பூக்கும் சிவப்பு ஆம்பல், இரவில் விரிந்து காலையில் வெயில் ஏற ஏற மூடிக்கொள்ளும். அதனால்தான் அங்கே விடிகாலையிலேயே கூட்டம். நிழல் காலடியில் விழும் உச்சி வெயிலில், வயல் முழுக்க விரிந்த ஆம்பல் என்று ஒரு படம் வந்தால் சந்தேகப்படுங்கள்.

பிரதிபலிப்பு பொய் சொல்லாது

நீர்த்தாவரப் படங்களில் மிகவும் பயன்படும் சோதனை இதுதான். மென்பொருள் தேவையில்லை.

பலர் நினைப்பதுபோல, தண்ணீரில் தெரியும் பிம்பம் மேலே உள்ள படத்தின் தலைகீழ் நகல் அல்ல. தண்ணீர்மட்டத்துக்குக் கீழே, உங்கள் கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே ஆழத்தில் இன்னொரு கேமரா இருந்து பார்த்தால் என்ன தெரியுமோ, அதுதான் பிம்பம். எனவே மேலிருந்து பார்க்கும் உங்களுக்குப் பூவின் உட்புறம் தெரிந்தால், பிம்பத்தில் பூவின் அடிப்புறம் தெரிய வேண்டும். இலையின் மேற்பக்கம் உங்களுக்கு, கீழ்ப்பக்கம் பிம்பத்துக்கு.

மேலும் கீழும் அச்சு அசலாக ஒரே படம் என்றால், பெரும்பாலும் பாதியை நகலெடுத்துத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். நீர்மட்டத்தோடு ஒட்டி, மிகத் தாழ்வாக எடுத்த படங்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

இன்னும் மூன்று விஷயங்கள்:

- கேமராவைச் சாய்க்காமல் எடுத்திருந்தால், பூவின் நுனியும் அதன் பிம்பத்தின் நுனியும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும்.

- பிம்பத்தில் வெயில் பட்ட பூ அசலைவிட மங்கலாக இருப்பதே இயல்பு. நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர் சுமார் 2 சதவீத ஒளியைத்தான் பிரதிபலிக்கும். பார்வை தாழத் தாழ இது கூடும்.

- சிற்றலை இருந்தால் பிம்பம் மேல் கீழாக நீண்டு உடையும். அலையடிக்கும் தண்ணீரில் வழுவழுவென்ற பிம்பம் இருக்க முடியாது.

கூடவே, படத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒரே மாதிரியான துளியோ இலைக்கிழிசலோ இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எதையோ மறைக்க, பக்கத்துப் பகுதியை நகலெடுத்துப் பூசியதற்கான தடயம் அது. நடுக்கோட்டின் இருபுறமும் பிசகில்லாத சமச்சீர் இருந்தாலும் இயற்கை அல்ல. தாமரை இதழ் அடுக்கில்கூட சின்னச் சின்னக் கோணல் இருக்கும்.

கோப்பில் என்ன தெரியும், என்ன தெரியாது?

படக் கோப்புக்குள் எந்தக் கேமரா, எந்த நேரம், எந்த மென்பொருள் என்ற தகவல்கள் இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அவை கழன்றுவிடும். அசல் தேவைப்பட்டால், 'டாக்குமென்டா அனுப்புங்க' என்று கேளுங்கள். அப்போதும் ஒன்றை மறக்க வேண்டாம். இந்தத் தகவல்களை யாரும் மாற்றி எழுதலாம். 'ஃபோட்டோஷாப்' என்ற பெயர் உள்ளே இருப்பதும் குற்றம் இல்லை. அளவைச் சுருக்கியிருந்தாலே அந்தப் பெயர் பதிந்துவிடும்.

படத்தை வைத்துத் தேடும் வசதியால், அதே படம் முன்பு எங்கே, எந்தத் தலைப்போடு வந்தது என்று பார்க்கலாம். பழைய படத்தைப் புதிய ஊர்ப் பெயரில் சுற்றவிடும் வேலையை இது பிடித்துவிடும். பெரும்பாலான நேரம் படம் அசலாகவே இருக்கும். தலைப்புதான் பொய்.

படம் பிறந்ததிலிருந்து என்னென்ன செய்யப்பட்டது என்பதைக் கையொப்பமிட்டுப் பதிவு செய்யும் 'சி2பிஏ' என்ற தரநிலையை அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி உள்ளிட்ட நிறுவனங்கள் 2021-ல் தொடங்கின. 2023 அக்டோபரில் லைக்கா எம்11-பி கேமரா, எடுக்கும் நொடியிலேயே இந்த முத்திரையைப் பதிக்கும் வசதியோடு வந்தது. ஆனால் முத்திரை இல்லாத படமெல்லாம் போலி என்று சொல்லிட முடியாது. இன்றைய படங்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

தானியங்கி முத்திரைகளும் சறுக்கியிருக்கின்றன. 2024 மே மாதம் மெட்டா நிறுவனம், ஏஐ-யால் செய்யப்பட்டது என்று பொருள்படும் முத்திரையைப் படங்களில் ஒட்டத் தொடங்கியது. சின்னத் திருத்தம் மட்டும் செய்த அசல் படங்களிலும் அது விழுந்ததால் புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். ஜூலையில் அதன் சொற்களை மாற்ற வேண்டியதாயிற்று.

போட்டிகள் எங்கே கோடு போடுகின்றன?

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில், வெளிச்சம், கான்ட்ராஸ்ட் போன்ற திருத்தங்களுக்கு இடமுண்டு. ஒன்றைச் சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் இடமில்லை. இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் ரா கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதாவது மேலே சொன்ன இரண்டாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கோட்டைத் தாண்டுபவர்கள் எத்தனை பேர்? 2015-ல் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் சுமார் 20 சதவீதம், அளவுக்கு மீறிய திருத்தத்துக்காக நீக்கப்பட்டன. தொழில்முறைச் செய்திப் புகைப்படக்காரர்களின் படங்கள் அவை என்பதை நினைவில் வையுங்கள்.

நடுவர்களின் கண்ணும் ஏமாறும். 2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதுகளின் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சென், தன் படம் ஏஐ உருவாக்கியது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். 2024-ல் இதன் மறுபக்கம் நடந்தது. 1839 விருதுகளின் ஏஐ பிரிவுக்கு, தலை தெரியாமல் குனிந்து நிற்கும் பூநாரையின் அசல் படத்தை மைல்ஸ் ஆஸ்ட்ரே அனுப்பினார். அது பரிசும் பெற்றது. உண்மையைச் சொன்னதும் தகுதிநீக்கம் செய்தார்கள்.

அப்படின்னா, மாற்றுவதே தப்பா?

இல்லை. மாற்றிய படம் சில நேரம் கண்ணைவிட அதிக உண்மையைச் சொல்லும்.

செயற்கைக்கோள் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் மிதக்கும் 'பும்டி' என்ற தாவரத் திட்டுகள், பெங்களூரு ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரை போன்றவற்றை அளக்க, அகச்சிவப்புப் பதிவைச் சிவப்பு நிறமாக மாற்றிக் காட்டுகிறார்கள். ஏரியில் தண்ணீர் கறுப்பாகவும் தாவரம் ரத்தச் சிவப்பாகவும் தெரியும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். சிவப்புப் புள்ளிகளை எண்ணினால், ஏரியில் எவ்வளவு பரப்பைத் தாவரம் பிடித்திருக்கிறது என்று தோராயமாகக் கணக்கிடலாம். நிறம் முழுக்கப் பொய், தகவல் உண்மை. ஏனென்றால், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள்.

அதேபோல, எதையும் மாற்றாத படமும் ஏமாற்றலாம். ஆவளப்பாண்டிக்கு வருவோம். படங்கள் அசல்தான். ஆனால் முள்ளன் பாயல் நம் ஊர்ச் செடி இல்லை. தென் அமெரிக்காவையும் மத்திய அமெரிக்காவையும் பூர்விகமாகக் கொண்ட, மீன்தொட்டி வழியாகப் பரவும் அந்நியத் தாவரம். தண்ணீருக்கடியில் அடர்ந்து வளர்ந்து நீரோட்டத்தையும் உள்ளூர்ச் செடிகளையும் நெருக்கும். ஒடிந்த சிறு தண்டிலிருந்தே புதிதாக முளைக்கும். அழகாக இருக்கிறதே என்று ஒரு கொத்தைப் பறித்துப்போய் உங்கள் ஊர்க் குளத்தில் போட்டால், அந்தக் குளத்தின் கதையும் மாறிவிடும். கம்பளத்தை மட்டும் காட்டி, அது என்ன செடி என்று சொல்லாத படம், எடிட் செய்யாமலேயே பாதி உண்மையை மறைத்துவிட்டது.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். ஏரியில் மிதக்கும் நெகிழிக் குப்பையை அழித்துவிட்டு, ஊதாப் பூக்களை மட்டும் விட்ட ஆகாயத்தாமரைப் படம் சுவரில் மாட்டினால் கலை. அதே படம், ஏரி சீரமைப்பு முடிந்துவிட்டது என்ற அறிக்கையின் அட்டையில் வந்தால் மோசடி. மனை விற்பனை விளம்பரத்தில், சாக்கடை கலக்கும் குட்டைக்கு மேல் தாமரை ஒட்டினால், வீட்டுக் கடன் வாங்கி ஏமாறப்போவது நீங்கள்தான்.

ஆக, படத்தில் எவ்வளவு மாற்றம் என்பதோடு, அது எங்கே வைக்கப்படுகிறது, பார்ப்பவருக்கு என்ன சொல்லப்படுகிறது என்பதும் சேர்ந்தே அதை நேர்மையானதாகவோ போலியாகவோ ஆக்குகிறது.

நீங்கள் படம் போடும்போது என்ன எழுதலாம்?

வார இறுதியில் ஏரிக்கரையில் எடுத்த படத்தைப் பகிர்வதாக இருந்தாலும், ஸ்டாக் தளத்தில் விற்பதாக இருந்தாலும், போட்டிக்கு அனுப்புவதாக இருந்தாலும் ஒரு வரி போதும்.

- எடுத்ததோடு நிறுத்தியிருந்தால்: 'கேமராவில் எடுத்தது. வெளிச்சமும் கான்ட்ராஸ்டும் மட்டும் திருத்தியது.'

- நிறம் மாற்றியிருந்தால்: 'பூவின் அசல் நிறம் வெள்ளை. நீலம் நான் கொடுத்தது.'

- சேர்த்திருந்தால்: 'இரண்டு படங்களை இணைத்துச் செய்தது' அல்லது 'பாதியைத் திருப்பி ஒட்டியது.'

- ஏஐ என்றால்: 'இது புகைப்படம் அல்ல. ஏஐ கருவியில் உருவாக்கியது.'

கூடவே செடியின் பெயர், ஊர், மாதம், நேரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். நிறத்தைப் பற்றிய சந்தேகத்துக்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும். அரிய தாவரம் என்றால் மட்டும் சரியான இடத்தைச் சொல்லாமல் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரா கோப்பையும் அழித்துவிடாதீர்கள். நாளை யாராவது உங்கள் அசல் படத்தை 'ஏஐ' என்று சொன்னால், உங்களிடம் இருக்கப்போகும் வலுவான ஆதாரம் அதுதான்.